பழைய மிஷின் ரம்பமும் டி.வி.எஸ். 50 மெக்கானிக்கும்

மரம் அறுக்கும் மிஷின் மரம் அறுக்கப் பிறந்ததல்ல, எலும்பு அறுக்கப் பிறந்தது. பென்னாகரம் கடைத்தெருவில் இதைச் சொன்னால் "ஐயா கதை விடுறாரு" என்பார்கள். ஆனால் கதையல்ல, சரித்திரம்.

1780-களில் ஸ்காட்லாந்தில் ஜான் எய்ட்கன், ஜேம்ஸ் ஜெஃப்ரே என்று இரண்டு மருத்துவர்கள் இருந்தார்கள். கடிகாரச் சங்கிலி போல மெல்லிய சங்கிலி, அதன் கண்ணிகளில் பல், இரண்டு முனையிலும் கைப்பிடி. இதுதான் அவர்கள் பயன்படுத்திய கருவி. பிரசவத்தில் குழந்தை வெளியே வர வழியில்லாமல் சிக்கிக்கொண்டால் தாயின் இடுப்பெலும்பு இணைப்பை அறுத்து விலக்குவதற்கும், அழுகிய மூட்டெலும்பை வெட்டி எடுப்பதற்கும் அது. மயக்க மருந்து வர இன்னும் அறுபது வருடம் இருந்த காலம். அந்தப் பெண்களை நினைத்தால் இன்றைக்கும் மனசு பதறுகிறது. 1830-ல் ஜெர்மனியில் பெர்ன்ஹார்ட் ஹைனே என்பவர் அந்தச் சங்கிலியை ஒரு தகட்டின் ஓரத்தில் ஓடவிட்டு, கையால் சுற்றும் பிடி வைத்தார். அந்தப் படத்தைப் பார்த்தால் இன்றைய மிஷினின் உருவம் அப்படியே இருக்கும். இஞ்சின்தான் பாக்கி.

ஒகேனக்கல் பக்கம் இந்த மிஷினுக்குப் பல பெயர். பவர் சா என்பார்கள், செயின் ரம்பம் என்பார்கள், பாதிப் பேருக்கு அது வெறும் மிஷின். நான் புதுச்சேரியில் பிரெஞ்சு வழியில் படித்தவன். பிரெஞ்சில் இதற்கு 'த்ரோன்ஸொனேஸ்' என்று பெயர். 'த்ரோன்ஸோன்' என்றால் துண்டு. ஆக, துண்டு போடுகிறவள் என்று பெண்பாலில் வைத்திருக்கிறார்கள். மரத்தைச் சாய்ப்பதைப் பற்றி அந்தப் பெயரில் ஒரு வார்த்தை இல்லை. சாய்ந்து கிடப்பதைத் துண்டு போடும் வேலையைத்தான் அது சொல்கிறது. நிற்கிற மரத்தைச் சாய்க்க இந்தப் பக்கத்து ஆட்கள் வெகுகாலம் கோடரியைத்தான் நம்பினார்கள்.

நான் இந்த மாவட்டத்துக்கு வேலைக்கு வந்த காலத்தில் பார்த்தது கோடரியும் இரண்டு பேர் இழுக்கும் பெரிய ரம்பமும்தான். சாய வேண்டிய பக்கத்தில் கோடரியால் ஒரு வாய் வெட்டி, எதிர்ப்பக்கத்தில் ரம்பம் போடுவார்கள். ரம்பம் பிடித்துக்கொண்டால் ஆப்பு அடிப்பார்கள். பலகை அறுப்பது அதைவிடப் பெரிய பாடு. அடிமரத்தை உயரத்தில் ஏற்றிக் கட்டி, கரி நூலால் கோடு அடித்து, மேலே ஒருவர் கீழே ஒருவர் நின்று நாள் முழுக்க இழுப்பார்கள். கீழே நிற்பவருக்குக் கண்ணெல்லாம் மரத்தூள். அதனால் கூலி ஒன்றாக இருந்தாலும் கீழே நிற்க யாருக்கும் ஆசை கிடையாது. எங்கள் சாலை ஓரத்துப் புளியமரம் ஒன்றை இப்படி அறுப்பதாக நினைத்துப் பாருங்கள். செக்குக்கும் கறிக்கடைக் கட்டைக்கும் புளியமரத்தைத் தேடுவது சும்மா இல்லை. அதன் வைரம் ரம்பத்தின் பல்லைத் தின்றுவிடும். (பரிசல் கட்டுகிறவர்களுக்கு இந்தத் தொல்லை இல்லை. மூங்கிலுக்கு ஒரு நல்ல அரிவாள் போதும்.)

ஐரோப்பாவிலும் அதே பாடுதான். ஆந்த்ரேயாஸ் ஷ்டீல் என்ற இஞ்சினியர் 1926-ல் ஷ்டுட்கார்ட்டில் தொழில் தொடங்கி, மின்சாரத்தில் ஓடும் ஒரு சங்கிலி ரம்பம் செய்தார். எடை 64 கிலோ. தூக்க இரண்டு ஆள் வேண்டும், அருகில் மின்சாரமும் வேண்டும். வெட்டிக் கிடக்கும் மரத்தைத் துண்டு போடத்தான் அது. மறு வருடமே எமில் லெர்ப் என்பவர் துரிங்கியாவில் டோல்மார் என்ற மலையில் பெட்ரோலில் ஓடும் ஒன்றை ஓட்டிக் காட்டினார். அது 58 கிலோ. அந்த மலையின் பெயரே கம்பெனிக்கும் பெயராகிவிட்டது. 1929-ல் ஷ்டீலும் 46 கிலோவில் ஒரு பெட்ரோல் மிஷின் கொண்டுவந்தார். இரண்டாம் உலகப் போரில் ஜெர்மனியிலிருந்து சரக்கு நின்றுபோனதும் கனடாக்காரர்களும் அமெரிக்கர்களும் தாங்களே செய்யக் கற்றுக்கொண்டார்கள். ஒரே ஆள் தூக்கும் மிஷின் பரவியது போருக்குப் பிறகுதான். 1949-ல் அமெரிக்காவில் மக்கலக் கம்பெனி 25 பவுண்டில் ஒன்று கொண்டுவந்தது. 1950-ல் ஷ்டீலின் ஒற்றை ஆள் மிஷின் 16 கிலோ. 1959-ல் வந்த 'கொன்ட்ரா' 12 கிலோதான். ஆனால் குதிரைத் திறன் 6. 30 வருடத்தில் 46 கிலோ 12 ஆகியிருக்கிறது.

இஞ்சின் இளைத்தது போதவில்லை, சங்கிலியும் மாற வேண்டியிருந்தது. பழைய சங்கிலிகளின் பல் கை ரம்பத்தின் பல்லைப் போலவே இருந்தது. மரத்தைச் சுரண்டும், மாவு போலத் தூள் வரும், சீக்கிரம் மழுங்கும். அமெரிக்காவின் ஓரிகன் மாநிலத்தில் ஜோ காக்ஸ் என்றொரு மரவெட்டி. 1946-ல் விறகு வெட்டிக்கொண்டிருந்தபோது அடிக்கட்டையில் ஒரு வண்டுப் புழுவைப் பார்த்தார். ஆள்காட்டி விரல் அளவு உள்ள அந்தப் புழு, மரத்தின் நார் வாக்கிலும் குறுக்கிலும் இஷ்டம்போலக் குடைந்துகொண்டு போயிற்று. அதன் வாயை உற்றுப் பார்த்தார். இரண்டு தாடை, இடமும் வலமுமாக மாறி மாறிக் கடிக்கிறது. அதே போல இடப் பல் ஒன்று, வலப் பல் ஒன்று என்று இரும்பில் செய்து சங்கிலியில் கோத்தார். 1947-ல் வீட்டு நிலவறையிலேயே தொழில் தொடங்கினார். இன்றைக்கு பென்னாகரத்தில் விற்கிற சங்கிலியிலும் பல் ஒன்றுவிட்டு ஒன்று இடமும் வலமுமாகத்தான் இருக்கும். எடுத்துப் பாருங்கள்.

பழைய மிஷின் எப்படி இன்னும் உயிரோடு இருக்கிறது என்பதற்கு வருகிறேன்.

கொன்ட்ராவின் வழியில் வந்தது ஷ்டீல் 070. ஏறக்குறைய 106 சி.சி. இஞ்சின். அதற்கு அண்ணன் 090, அது 137 சி.சி. அரை நூற்றாண்டுக்கு முந்தைய வடிவம். ஆனால் ஆசியாவில் பருத்த மரம் அறுக்கும் இடங்களில் இன்னும் இதைத் தேடுகிறார்கள். அதனால்தான் 070-ஐ அப்படியே நகல் எடுத்துச் சீனாவிலிருந்தும் வருகிறது. உள்ளே இருப்பது என்ன? ஒரு சிலிண்டர், ஒரு பிஸ்டன், வால்வு கிடையாது. டூ-ஸ்ட்ரோக். பெட்ரோலோடு ஆயில் கலந்து ஊற்ற வேண்டும்.

டூ-ஸ்ட்ரோக் என்றால் எங்கள் மாவட்டத்துக்காரனுக்கு யாரும் பாடம் நடத்த வேண்டாம். தருமபுரி மாவட்டம் 1965 அக்டோபர் 2 அன்று சேலத்திலிருந்து பிரிந்தது. 2004 பிப்ரவரி 9 வரைக்கும் ஓசூர் எங்கள் மாவட்டம்தான். அந்த ஓசூரிலிருந்துதான் 1980-ல் டி.வி.எஸ். 50 வந்தது. பால் கேன், கோழிக்கூடை, புளி மூட்டை, பெண்டாட்டி, இரண்டு பிள்ளைகள், எல்லாவற்றையும் அது சுமந்தது. அதைப் பழுது பார்க்க ஊருக்கு ஒரு மெக்கானிக் உருவானார். அந்த மெக்கானிக்கிடம் ஒரு பழைய மிஷின் ரம்பத்தைக் கொடுத்தால் மூடியைக் கழற்றிப் பார்த்துவிட்டு, "இதுவும் நம்ம வண்டி மாதிரிதானே" என்பார். ஜெர்மானியர் செய்த மிஷினைப் பென்னாகரத்துப் பட்டறையில் திறக்க முடிந்ததற்குக் காரணம் அந்த மொபெட்தான் என்பது என் கணிப்பு.

பென்னாகரத்திலிருந்து ஒகேனக்கல் போகிற சாலையில் அப்படி ஒரு பட்டறை இருக்கிறது. ஓய்வு பெற்றவனுக்கு உட்கார இடமும் பேச ஆளும் கிடைத்தால் போதாதா? அங்கே பல மாலைகள் கழிந்திருக்கின்றன. அங்கே பார்த்ததை எழுதுகிறேன்.

செத்துப்போன மிஷின் என்று ஒன்று வந்தால் அவர் முதலில் ஸ்பேனரை எடுப்பதில்லை. கயிற்றை மெதுவாக இழுப்பார். கையில் எதிர்ப்புத் தெரிகிறதா என்று பார்ப்பார். தெரிந்தால் பிஸ்டனும் ரிங்கும் பரவாயில்லை. பிறகு பிளக்கைக் கழற்றி, சிலிண்டரின் மேல் வைத்து மறுபடி இழுப்பார். நீல நெருப்புப் பொறி வர வேண்டும். பழைய மிஷின்களில் எலக்ட்ரானிக் கிடையாது. பழைய மோட்டார் சைக்கிளில் இருந்த அதே பாயிண்ட், அதே கண்டென்சர். பாயிண்ட்டைத் தேய்த்துச் சுத்தம் செய்து, இடைவெளி 0.4 மில்லிமீட்டர் அளவுக்கு வைப்பார். கண்டென்சர் போயிருந்தால் பழைய வண்டி கண்டென்சர் ஒன்றை உள்ளே வைக்க இடம் கண்டுபிடிப்பார்.

அடுத்தது கார்புரேட்டர். மொபெட்டில் மிதவை உள்ள கார்புரேட்டர். வண்டி நிமிர்ந்தே ஓடுவதால் அது போதும். மரம் அறுப்பவர் மிஷினைப் படுக்க வைப்பார், தலைகீழாகப் பிடிப்பார். மிதவை இருந்தால் பெட்ரோல் ஒழுகி இஞ்சின் நின்றுவிடும். ஆரம்ப கால மிஷின்களில் இதற்காகவே இஞ்சினை நிமிர்த்தி வைத்துக்கொண்டு சங்கிலித் தகட்டை மட்டும் திருப்பும் ஏற்பாடு இருந்தது. பின்னால் மெல்லிய ரப்பர்த் திரை ஒன்று பெட்ரோலை அளந்துவிடும் கார்புரேட்டர் வந்து அந்தத் தொல்லையைத் தீர்த்தது. 'டயாஃப்ரம்' என்பது அதுதான். உள்ளங்கையில் அடங்கும் வட்டத் துண்டு. வருடக்கணக்கில் மிஷின் சும்மா கிடந்தால் அது காய்ந்து அப்பளம் போல விறைத்துவிடும். செத்ததாகச் சொல்லி வருகிற மிஷின்களில் பாதிக்கு மேல் இந்தத் துண்டை மாற்றியதும் எழுந்துவிடுகிறது என்கிறார்.

அவர் மிகவும் பயப்படுவது வேறொன்றுக்கு. கிராங்க் ஓரத்தில் இருக்கும் ஆயில் சீல். அது தேய்ந்தால் அந்த வழியாகக் காற்று உள்ளே போகும். காற்று கூடினால் பெட்ரோலின் பங்கு குறையும், அதோடு கலந்து வருகிற ஆயிலும் குறையும். இஞ்சின் முன்னைவிட வேகமாக, உற்சாகமாக ஓடும். ஓட்டுகிறவர் மகிழ்ந்துபோவார். கொஞ்ச நேரத்தில் பிஸ்டன் சூடேறிச் சிலிண்டரோடு ஒட்டிக்கொள்ளும். அதனால் ஒரு மிஷின் திடீரென்று நன்றாக ஓட ஆரம்பித்தால் சந்தேகப்படு என்பார். சீலுக்கும் பேரிங்குக்கும் கம்பெனிப் பெட்டி தேவையில்லை. அளவெடுத்துப் பேரிங் கடையில் கேட்டால் கிடைக்கும். பழைய மிஷினின் பெருமையே அதுதான்.

இனி, சரி செய்வது போய் மாற்றுகிற வேலை. இதில் உலகம் முழுக்க மனிதர்கள் விளையாடியிருக்கிறார்கள். 1950-களின் கடைசியில் அமெரிக்காவில் கோ-கார்ட் என்ற குட்டிப் பந்தய வண்டி பரவியபோது, அதற்குப் பின்னால் பூட்டியது மக்கலக் ரம்பத்தின் இஞ்சினை. பிறகு அந்தக் கம்பெனியே பந்தயத்துக்கென்று இஞ்சின் செய்து விற்றது. மரவெட்டிகள் போட்டியில் 'ஹாட் சா' என்று ஒரு பிரிவு உண்டு. தாங்களே கட்டிய மிஷினால் ஒரே மரத்தில் மூன்று வட்டத் துண்டு அறுக்க வேண்டும். பனியில் ஓடும் வண்டியின் இஞ்சினைக்கூடப் பூட்டிக்கொண்டு வருவார்கள். எல்லாம் சில விநாடியில் முடிந்துவிடும்.

நம் ஊர் மாற்றங்கள் அவ்வளவு கண்காட்சி இல்லை. அறிந்தவர்களுக்கு ஆர்.எக்ஸ். 100 ஞாபகம் வரும். அந்த வண்டிக்குச் செய்ததைத்தான் இதற்கும் செய்கிறார்கள். சைலென்சரின் வாயைப் பெரிதாக்குவது, சிலிண்டரில் புகை போகும் துவாரத்தை அரத்தால் தேய்த்து அகலமாக்குவது. புகை சீக்கிரம் வெளியேறினால் இஞ்சின் வேகம் கூடும். உடனே கார்புரேட்டர் ஸ்குரூவைத் திருப்பிப் பெட்ரோலைக் கூட்டாவிட்டால், மேலே சொன்ன அதே பிஸ்டன் கதை. நீளமான தகடு போடுவது இன்னொன்று. சாலைப் புளியமரத்தின் அடிமரம் சாதாரணத் தகட்டுக்குள் அடங்காது.

இவற்றிலெல்லாம் எனக்கு ஆட்சேபணை இல்லை. ஆட்சேபணை ஒன்றே ஒன்றுக்குத்தான். சங்கிலி பிரேக்.

மிஷினின் சங்கிலி விநாடிக்கு ஏறக்குறைய 20 மீட்டர் வேகத்தில் ஓடுகிறது. தகட்டு நுனியின் மேல்பாதி எதிலாவது பட்டால் மிஷின் கண் இமைக்கும் நேரத்தில் எகிறி, பிடித்திருப்பவரின் முகத்துக்கோ கழுத்துக்கோ வரும். 1970-களில்தான் இதற்கு மருந்து வந்தது. முன்கைப்பிடிக்கு எதிரே ஒரு தடுப்பு, கை அதில் பட்டதும் சங்கிலி நின்றுவிடும். அதற்கு முந்தைய மிஷின்களில் இது கிடையவே கிடையாது. கை அதிராமல் காக்கும் ரப்பர், ஸ்பிரிங் ஏற்பாடுகூட 1960-களில்தான் வந்தது. அதற்கு முன் வருடக்கணக்கில் மிஷின் பிடித்தவர்களுக்கு விரல் வெளுத்து மரத்துப்போகும் வியாதி வந்து, ஐரோப்பாவில் பெரிய பிரச்சினையாயிற்று. ஆக, பழைய மிஷினை அதன் அசல் நிலைக்குக் கொண்டுவந்தேன் என்று ஒருவர் பெருமைப்பட்டால், அசல் ஆபத்தையும் சேர்த்தே கொண்டுவந்திருக்கிறார் என்று பொருள். அதைவிட மோசம், பிரேக் உள்ள புது மிஷினில் "இது சும்மா சும்மா நின்னுடுது" என்று தடுப்பைக் கழற்றி எறிவது. தினக்கூலிக்கு மரம் ஏறுகிறவருக்குத் தலைக்கவசம் இல்லை, கால் கவசம் இல்லை, காலில் ரப்பர் செருப்பு. அவரிடம் மிச்சமிருக்கும் ஒரே பாதுகாப்பையும் கழற்றினால் என்ன நியாயம்?

2011 டிசம்பர் 30 தானே புயல் என் சொந்த ஊரையும் கடலூரையும் புரட்டிப் போட்டது. பண்ருட்டிப் பலா மரங்கள் வேரோடு கிடந்தன. 2018 நவம்பர் 16 கஜா, டெல்டாவின் தென்னையைச் சாய்த்தது. இரண்டு தடவையும் வெளி மாவட்டங்களிலிருந்தெல்லாம் மிஷினோடு ஆட்கள் போனார்கள். விழுந்து கிடக்கும் மரம் நிற்கிற மரத்தைவிட ஆபத்தானது. எந்தக் கிளையில் எவ்வளவு இழுவிசை ஒளிந்திருக்கிறது என்று வெளியே தெரியாது. அறுத்த நொடியில் வில் போல அடிக்கும். பிரேக் இல்லாத மிஷினுக்குச் சற்றும் ஏற்றதல்ல அந்த வேலை.

காட்டைப் பற்றியும் கேட்பீர்கள். மிஷின் பெருகியதும் காடு போயிற்று என்று எளிதாகச் சொல்லிவிடுகிறோம். எங்கள் பக்கத்தில் கணக்கு அப்படி நேராக இல்லை. இங்கே பெரிதாகத் திருடு போனது சந்தனம். சந்தனத்துக்கு வேரிலும் விலை உண்டு, அதனால் அதை அடியில் அறுப்பதில்லை, வேரோடு பெயர்த்தெடுக்க வேண்டும். மிஷின் சத்தமோ அருவிச் சத்தத்தைத் தாண்டியும் கேட்கும். திருடனுக்கு அது தோதுப்படாது. காட்டில் மரம் வெட்டுவதைச் சட்டப்படி நிறுத்தியது நீதிமன்றம். கூடலூர்க் காடுகளுக்காக 1995-ல் டி.என். கோதவர்மன் திருமுல்பாடு என்பவர் உச்ச நீதிமன்றம் போனார். 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவில், தமிழ்நாட்டின் வனப்பகுதிகளில் மரம் வெட்டுவதற்குத் தடை. கூப்பு காண்ட்ராக்டர் என்ற சொல்லே அதற்குப் பிறகு மறைந்துவிட்டது. 2022-ல் இங்கே தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் 686 சதுர கிலோமீட்டர் காவிரி தெற்கு வன உயிரினச் சரணாலயமாயிற்று. ஆகவே இன்று பட்டறைக்கு வருகிற மிஷின்கள் அறுப்பது பட்டா நிலத்து வேம்பும் தென்னையும் தைல மரமும், சாலை அகலப்படுத்தும்போது விழுகிற புளியும். காடு தப்பியது, சாலை நிழல் போயிற்று.

பழைய மிஷின் எங்கிருந்து வருகிறது என்று நீங்கள் கேட்கலாம். சில ஏலத்தில் வருகிறது. அரசு அலுவலகத்தில் இருந்தவர்களுக்குத் தெரியும், பண்டசாலைப் பதிவேட்டில் பொருளுக்கு எதிரே 'உபயோகமற்றது' என்று ஒரு சொல் ஏறிவிட்டால் அதன் தலைவிதி முடிந்தது. கழிவு ஏலத்தில் கிலோக் கணக்கில் இரும்பாகப் போகும். அந்தச் சொல்லை எழுதும் கை மூடியைக் கழற்றிப் பார்ப்பதில்லை, அப்படி ஒரு விதியும் கிடையாது. ஒரு டயாஃப்ரம் விறைத்துப் போனதற்காக முழு மிஷினும் இரும்பாகிவிடுகிறது. பழைய இரும்புக் கடையில் அதைக் கண்டு எடுத்து வருபவர்தான் நம் மெக்கானிக்.

இப்போது அவருக்குப் புதுக் கவலை பெட்ரோல். 2022-ல் பத்து சதவீதம் எத்தனால் கலந்தது எட்டியது, இப்போது இருபது. எத்தனால் காற்றின் ஈரத்தை இழுக்கும். டாங்கில் வாரக்கணக்கில் கிடந்தால் தண்ணீரோடு பிரிந்து அடியில் தங்கும். பழைய ரப்பர்க் குழாயும் டயாஃப்ரமும் அதற்காகச் செய்யப்பட்டவையல்ல. கார்புரேட்டரின் உள்ளே வெள்ளையாகப் பூக்கிறது. ஆகவே வேலை முடிந்ததும் டாங்கைக் கவிழ்த்துக் காலி செய்துவிட்டு, இஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிடச் சொல்கிறார். 2015-ல் நான்கு ஸ்ட்ரோக் எக்ஸ்.எல். 100 வந்த பிறகு பங்குகளில் ஆயில் கலந்து தருவதும் அருகிவிட்டது. பாட்டிலில் வாங்கி வீட்டிலேயே அளந்து ஊற்றுகிறார்கள். அளவு தப்பினால் பிஸ்டனுக்குக் கேடு என்று குடிநீர் பாட்டிலில் பேனாவால் கோடு போட்டுக் கொடுக்கிறார்.

அவருடைய பட்டறையில் மூலையில் ஒரு 070 இருக்கிறது. பெயர்த்தகடு போய்விட்டது, மூடியில் ஆரஞ்சு நிறம் பாதி உரிந்திருக்கிறது, பிரேக் கிடையாது. ஐப்பசி மழையில் பெரிய மரம் ஏதாவது சாலையில் சாய்ந்தால் அதைக் கேட்டு ஆள் வரும். நாள் வாடகைக்குத் தருவார். மரத்தின் மேல் ஏற அதைத் தருவதில்லை. கிளையெல்லாம் சின்ன மிஷினால் கழித்து, அடிமரம் தரையில் அசையாமல் படுத்த பிறகுதான் வந்து வாங்கிப் போகச் சொல்வார். கூடவே தானும் போவார்.